காசு கொடுத்தால் தீரும் எரிச்சல்

வேப்பம்பட்டில் காலை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், சென்ட்ரல் வரும்வரை பலருக்கும் கைபேசிதான் துணை. செய்தி பார்ப்பவர், சீரியல் பார்ப்பவர் போக மிச்சப் பேர் கேம் ஆடுகிறார்கள். கல்லூரி மாணவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர், ஓய்வுபெற்றவர் என்று இதில் வயது வித்தியாசம் கிடையாது. திருநின்றவூர் வருவதற்குள் ஒரு லெவல் முடிகிறது. முடிந்த நொடியே திரை முழுக்க விளம்பரம். மூலையில் 30, 29, 28 என்று எண் இறங்குகிறது. பூஜ்யம் வந்ததும் அரிசி அளவில் ஓர் எக்ஸ் குறி முளைக்கிறது. கட்டைவிரல் அதன்மேல் சரியாகப் படாவிட்டால் பிளே ஸ்டோர் திறந்துகொள்கிறது. திரும்பி வந்தால் இன்னொரு திரை, இன்னும் ஐந்து வினாடி. அதையும் கடந்தால், ‘இரட்டைப் பரிசு வேண்டுமா?’ என்று பெரிய பச்சைப் பட்டன் மின்னுகிறது. ‘வேண்டாம்’ என்ற சொல்லோ அதன் கீழே வெளிறிய சாம்பல் எழுத்தில், கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே வைத்ததுபோல் கிடக்கிறது. அடுத்த லெவல் தொடங்கும்போது ரயில் நெமிலிச்சேரிக்கு வந்துவிடுகிறது.

இதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. ‘சும்மா கிடைக்கிற கேம், அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடுவது சரியா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

விளையாட்டில் எரிச்சல் புதிதல்ல. 2000-களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஜிடிஏ வரிசையின் வைஸ் சிட்டி கேம் ஆடியவர்களிடம் ‘ஹெலிகாப்டர் மிஷன்’ என்று சொல்லிப் பார்த்தால் போதும், முகம் மாறிவிடும். ஒரு வேனுக்குள் உட்கார்ந்து ரிமோட் ஹெலிகாப்டரை ஓட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் மாடிகளில் நான்கு குண்டுகளை வைக்க வேண்டும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தொழிலாளிகள் கையில் கிடைத்ததைக் கொண்டு ஹெலிகாப்டரை அடிப்பார்கள். சுவரில் உரசினால் விசிறி சேதமாகும். நான்காவது குண்டோடு படிக்கட்டில் திரும்பும்போது வெடித்துச் சிதறினால் மறுபடி முதலிலிருந்து. அதே வரிசையில் 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸிலும் இப்படி ஒரு ரயில் மிஷன் உண்டு. ஆடுபவர் பைக்கை ஓட்ட, பின்னால் உட்கார்ந்த பிக் ஸ்மோக் ரயில் கூரையில் நிற்பவர்களைச் சுட வேண்டும். குறி தவறுவது அவருக்கு. திட்டு வாங்குவது ஆடுபவர்.

ஜப்பானிய கேம்களிலும் இந்தக் கதை உண்டு. நின்டெண்டோ 1998-இல் வெளியிட்ட செல்டா வரிசையின் ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ உலகின் மிகச் சிறந்த கேம்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் அதில் வரும் தண்ணீர்க் கோயிலைப் பற்றிக் கேட்டால் பழைய ஆட்டக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். தண்ணீருக்குள் மூழ்க இரும்புக் காலணி வேண்டும், மேலே வரக் கழற்ற வேண்டும். மாட்டும்போதும் கழற்றும்போதும் ஆட்டத்தை நிறுத்தி, பட்டியலைத் திறந்து, தேடி எடுக்க வேண்டும். அதை வடிவமைத்த எய்ஜி அவோனுமா பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்தார். 2011-இல் அதே கேம் 3டிஎஸ் கருவிக்கு மறுவடிவம் பெற்றபோது, ஒரு தொடுதலில் காலணியை மாட்டிக் கழற்றும்படி மாற்றினார்கள்.

இந்த எரிச்சல்களுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை கைத்தவறாகவோ, அளவு மீறிய சவாலாகவோ வந்தவை. ஆடுபவர் தவிப்பதால் தயாரித்தவருக்கு ஒரு ரூபாய்கூட லாபமில்லை. விற்பனை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆகவே குறை தெரிந்தால் அடுத்த பதிப்பில் சரிசெய்தார்கள்.

கேம் இலவசமானதும் இந்தக் கணக்கு தலைகீழானது. 2009-இல் ஃபேஸ்புக்கில் பரவிய ஃபார்ம்வில்லில், விதைத்த பயிரை நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் வாடிவிடும். 2012-இல் வந்த கேண்டி கிரஷ்ஷில் ஐந்து ‘லைஃப்’. ஒன்று போனால் அது திரும்பி வர 30 நிமிடம். ஐந்தையும் இழந்தவர் முழுதாக ஐந்தையும் பெற இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் காசு கொடுக்கலாம், நண்பர்களிடம் கேட்டு அவர்களையும் உள்ளே இழுக்கலாம். காத்திருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. சர்வருக்கு ஓய்வு தேவைப்படவில்லை. காத்திருக்க வைப்பதுதான் அங்கே சரக்கு. நெடுஞ்சாலையில் ஆணியைப் போட்டுவிட்டு அரை கிலோமீட்டர் தள்ளி பஞ்சர் கடை வைக்கும் தந்திரம்தான் இது.

முழு விலை கொடுத்து வாங்கிய கேமிலும் இது நுழைந்தபோது ஆட்டக்காரர்கள் பொங்கினார்கள். 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2’ கேமை வெளியிடவிருந்த நேரம். டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க 60,000 புள்ளிகள் வேண்டும். சேர்க்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆடவேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினர். ‘சாதித்த பெருமிதம்’ கிடைக்கத்தான் அப்படி வைத்தோம் என்ற பொருளில் நிறுவனம் ரெட்டிட்டில் பதில் எழுதியது. அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்து, அது கின்னஸ் பதிவாகவே ஆனது. புள்ளிகளை 15,000-ஆகக் குறைத்தார்கள். வெளியீட்டுக்கு முன் கேமுக்குள் காசு வாங்கும் ஏற்பாட்டையே நிறுத்திவைத்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியம், கேம்களில் எது கிடைக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும் என்று அறிவித்தது.

இதைவிடப் பெரிய அடி ஃபோர்ட்நைட்டுக்கு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதன் உரிமையாளரான எபிக் கேம்ஸோடு 52 கோடி டாலருக்கு உடன்பாடு செய்தது. அதில் 24.5 கோடி டாலர் ஏமாந்த வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. இந்தப் பகுதிக்கான குற்றச்சாட்டின் மையம் பட்டன்கள். கேம் லோட் ஆகிக்கொண்டிருக்கும்போதும், தூங்கிய திரையை எழுப்பும்போதும், ஓர் உடையை வெறுமனே பார்க்க முயலும்போதும் ஒரு பட்டன் தவறி அழுந்தினால் காசு போய்விடும்படி அமைப்பு இருந்தது என்றது ஆணையம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களை நிறுவனம் பொருட்படுத்தவில்லை என்றும் சொன்னது. பட்டனை எங்கே வைப்பது, எந்த நிறத்தில் வைப்பது என்பதெல்லாம் அழகியல் முடிவு மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தியாவில் காசு கொடுத்து ‘லைஃப்’ வாங்குபவர்கள் குறைவு. அதனால் இங்கே விற்கப்படுவது ஆடுபவரின் நேரமும் டேட்டாவும். பரிசு வேண்டுமானால் விளம்பரம் பார். தோற்ற இடத்திலிருந்து தொடர விளம்பரம் பார். எதுவும் வேண்டாமென்றாலும் விளம்பரம் பார். அந்த விளம்பரங்களில் வருவதும் பெரும்பாலும் வேறு கேம்கள்தான். அவற்றிலும் ஒரு தகிடுதத்தம் உண்டு. ராஜாவைக் காப்பாற்ற ஊசியை இழுக்கும் புதிர் என்று காட்டுவார்கள். இறக்கிப் பார்த்தால் ஒரே நிறத்தை வரிசையாகச் சேர்க்கும் ஆட்டம். ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களின் அத்தகைய விளம்பரங்கள் ஆடுபவரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2020-இல் தடை செய்தது.

கூகுளும் சும்மா இருந்துவிடவில்லை. எதிர்பாராமல் திரையை மறைக்கும் விளம்பரங்களையும், 15 வினாடிக்குப் பிறகும் மூட முடியாத விளம்பரங்களையும் 2022 செப்டம்பர் இறுதியிலிருந்து பிளே ஸ்டோர் கேம்களில் அனுமதிப்பதில்லை என்று விதி கொண்டுவந்தது. ஆனால் ஆடுபவரே ‘சம்மதித்து’ப் பார்க்கும் பரிசு விளம்பரங்களுக்கு விலக்கு. ‘சம்மதம்’ வாங்கும் பச்சைப் பட்டன் எவ்வளவு பெரியது, மறுக்கும் சொல் எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த விலக்கின் அகலம் புரியும்.

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். இலவச கேமைச் செய்பவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், சர்வர் வாடகை கட்ட வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன அறையில் கேம் செய்யும் சென்னைக் குழுவுக்கு விளம்பரம்தான் வருமானம். இரண்டு லெவலுக்கு ஒரு விளம்பரம், தெளிவாக மூடும் குறியோடு வந்தால் அதில் யாருக்கும் வருத்தமில்லை. தொலைக்காட்சியில் அரை நூற்றாண்டாகப் பார்த்துப் பழகியதுதான். கேள்வி விளம்பரம் இருப்பதைப் பற்றியது அல்ல. மூடும் குறியை ஒளிப்பதும், ‘இன்னும் 2 நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று பொய்க் கடிகாரம் ஓட்டுவதும், தினமும் வராவிட்டால் சேர்த்த வரிசை அறுந்துபோகும் என்று மிரட்டுவதும் வருமானத்துக்கான நேர் வழிகளா என்பதே.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் இதுவரை ஒரே தடத்தில்தான் போயிருக்கிறது. ஆன்லைன் ரம்மியால் நேர்ந்த தற்கொலைகளை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாக வகைப்படுத்திய பகுதியை மட்டும் நீக்கியது. பிறகு 2025 பிப்ரவரியில் மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் பணம் வைத்து ஆடும் கேம்களுக்கு விதிகள் வகுத்தது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆடமுடியாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் திரையில் எச்சரிக்கை. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவற்றையும் உறுதிசெய்தது.

அந்த விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். அரசு கையில் எடுத்ததும் எரிச்சலூட்டும் வடிவமைப்பைத்தான். ஆட்டத்தின் நடுவே குறுக்கிடும் திரை, காத்திருக்க வைக்கும் நேரம், கடக்க வேண்டிய ஒரு படி: மூன்றும் கேம் நிறுவனங்களின் பழைய ஆயுதங்கள். இங்கே அவை ஆடுபவரை நிறுத்துவதற்குப் பயன்பட்டன. தடைக்குப் பிறகு 2023 மே மாதம் திரும்பி வந்த, பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ கேமிலும் இதே உத்தி இருந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம். வடிவமைப்பு மனிதரை எவ்வளவு தூரம் தள்ளும் என்பது அரசுக்குத் தெரியாத விஷயமல்ல.

2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களையே தடை செய்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் அந்தப் பிரிவுகளை உடனே மூடின. இ-ஸ்போர்ட்ஸையும் சமூக விளையாட்டுகளையும் சட்டம் தனியே பிரித்து, ஊக்குவிக்க வேண்டியவை என்கிறது. நல்லதுதான். ஆனால் வேப்பம்பட்டு ரயிலில் ஆடப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கூடையில்தான் விழும். அங்கே வயதுச் சரிபார்ப்பு கிடையாது, 30 நிமிட எச்சரிக்கை கிடையாது. பத்து வயதுப் பிள்ளை அப்பாவின் கைபேசியில் ஆடும்போது பச்சைப் பட்டனுக்கும் சாம்பல் சொல்லுக்கும் நடுவே நிற்பது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கை செய்த வழிகாட்டுதல்கள் ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. பொய்யான அவசரம், மறுப்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது, விடாமல் நச்சரிப்பது, வேண்டாததைச் செய்ய வைத்துத்தான் வழிவிடுவது, ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தருவது, பட்டன்களின் அளவையும் நிறத்தையும் வைத்துக் கண்ணை ஏமாற்றுவது, விளம்பரத்தை வேறு எதுவோபோல் வேடம் கட்டிக் காட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியாவில் பொருளோ சேவையோ தரும் எல்லா இணையத் தளங்களுக்கும் இவை பொருந்தும். கேம் நிறுவனங்களுக்கு விலக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நடைமுறையில்தான் பார்வை ஷாப்பிங் தளங்களையும் டிக்கெட் தளங்களையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை.

ஆணையம் செய்யக்கூடியது மூன்று. முதலாவது, விளம்பரத்தை மூடும் குறிக்குக் குறைந்தபட்ச அளவையும், அது தோன்ற வேண்டிய நேரத்தையும் எண்ணில் எழுதிக் கொடுப்பது. பரிசு விளம்பரத்துக்கும் அது பொருந்த வேண்டும். இரண்டாவது, ‘வேண்டும்’ என்ற பட்டனும் ‘வேண்டாம்’ என்ற பட்டனும் ஒரே அளவில், ஒரே அழுத்தமான நிறத்தில் இருக்க வேண்டும் என்பது. மூன்றாவது, லெவலுக்கு எத்தனை விளம்பரம், காத்திருப்பு நேரம் எவ்வளவு, அதை நீக்க என்ன விலை என்பதை இறக்குவதற்கு முன்பே ஸ்டோர் பக்கத்தில் சொல்ல வைப்பது. அதிர்ஷ்டப் பெட்டியில் எது கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று 2017-லேயே ஆப்பிள் தன் ஆப் ஸ்டோர் விதியில் எழுதியது; ஆகவே இவையும் முடியாத காரியம் அல்ல.

ஆடுபவர்கள் பக்கத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மளிகைக் கடை எடையில் குறைவென்றால் கூப்பிடத் தயங்காத பலருக்கு, கைபேசி கேமுக்கும் கூப்பிடலாம் என்ற எண்ணமே வருவதில்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூனில் மின்வணிகத் தளங்களுக்கு, உங்கள் வடிவமைப்பில் ஏமாற்று அம்சங்கள் உண்டா என்று மூன்று மாதத்துக்குள் நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்று அறிவுறுத்தியது. அதே அறிவுறுத்தலை கேம் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு விளம்பரம் வழங்கும் வலையமைப்புகளுக்கும் அனுப்புவது அடுத்த வேலை.