மன்னிப்பது யார் கையில்?

மருதானைப் பக்கம் வீதியோரத்தில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்வருவது, பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாள் முதலாக எனக்கிருக்கும் பழக்கம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு கட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்தபோது கடைக்காரர் சற்றுக் கூச்சத்துடன் தடுத்தார். "சேர், அது உங்களுக்குச் சரிவராது. லேடீஸ் வாசிக்கிற புக்ஸ்" என்றார். மேலிருந்த அட்டையில் நீண்ட கவுண் அணிந்த ஒரு பெண், பின்னால் கோதுமை வயல், தூரத்தில் ஒரு மரவீடு. விலை மலிவு. கட்டோடு வாங்கி வந்துவிட்டேன்.

மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட காலம் அது. தொலைக்காட்சியும் இல்லை, இணையமும் இல்லை. மின்னேற்றிய சிறு விளக்கின் வெளிச்சத்தில் முதலாவது புத்தகத்தைத் திறந்தேன். திறந்ததை முடித்துவிட்டே வைத்தேன். அன்று தொடங்கிய வாசிப்பு இன்றுவரை நிற்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருவாரியாக வாசிக்கப்படுகின்ற கிறிஸ்தவ விசுவாசக் காதல் நாவல்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இதைச் சொன்னதும் நண்பர்கள் சிரித்தார்கள். ஒருவர், "உமக்கு என்ன, மதம் மாறும் எண்ணமா?" என்று கேட்டார். இன்னொருவர், "ரமணிசந்திரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மாதிரியா?" என்றார். இரண்டாவது கேள்வியில் நகைச்சுவையை விட அலட்சியமே அதிகம். பெண்கள் விரும்பி வாசிக்கும் எதையும் இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவைப்பது நமது விமரிசகர்களின் நெடுநாள் வழக்கம். வாசித்துப் பார்த்துவிட்டு நிராகரிப்பது வேறு, வாசிக்காமலே நிராகரிப்பது வேறு. இந்த நாவல்களைப் பற்றி எனக்கும் கடுமையான ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஆனால் அதை வாசித்த பின்னரே சொல்கிறேன்.

முதலில் இவை எத்தகையவை என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன்.

அன்றிரவு நான் வாசித்தது கனடா எழுத்தாளர் ஜெனற் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சொப்ட்லி'. வெளிவந்த ஆண்டு 1979. இன்றைய கிறிஸ்தவக் காதல் நாவல் அலைக்கு இதனையே தொடக்கமாகக் கொள்வர். மேற்கு நோக்கி வண்டியில் புறப்பட்ட இளம் மனைவி மார்ட்டி, வழியில் கணவனை இழக்கிறாள். வயிற்றிலோ குழந்தை. போக்கிடம் இல்லை. அவனைப் புதைத்த அன்றே, தாயில்லாத சிறு மகளை வைத்துக்கொண்டு தவிக்கும் கிளார்க் என்னும் குடியானவன் அவளிடம் வந்து, பெயரளவில் தன்னை மணந்துகொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்கிறான். விருப்பமில்லையென்றால் ஊர் திரும்புவதற்கான வண்டிச் செலவைத் தானே தருவதாகவும் வாக்களிக்கிறான். ஒரு வருட காலச் சமையல், சலவை, குளிர், பிரசவம், அயலவரின் மரணம் ஆகியவற்றினூடே அந்தப் பெயரளவுத் திருமணம் மெய்த் திருமணமாகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் துக்கம் காயாத ஒரு பெண்ணுக்கு அவகாசம் கொடுக்கும் ஓர் ஆண் இதில் இருக்கிறான். மார்ட்டியைப் போன்ற நிலையில் உள்ள எத்தனை பெண்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது? இந்தப் புத்தகம் ஏன் இத்தனை ஆண்டுகளாக விற்கிறது என்ற கேள்விக்கு எனக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

வரலாற்றுக் கதைகள் ஒரு கிளை. துப்பும் ஆபத்தும் கலந்த விறுவிறுப்புக் கதைகள் மற்றொரு கிளை. டீ ஹென்டர்சன் எழுதிய 'த நெகோஷியேற்றர்' 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதாநாயகி கேற் ஓமலி, பணயக் கைதிகளை மீட்பதற்காகக் குற்றவாளிகளுடன் பேரம்பேசும் சிக்காகோப் பொலிஸ் அதிகாரி. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர், ஒரே குடும்பப் பெயரைத் தாமாகச் சூடிக்கொண்டு உடன்பிறப்புகளாக வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி இவள். குண்டுவைப்பவன் ஒருவன் அவளைத் துரத்துகிறான். இவ்வளவும் சாதாரணத் திகில் கதைகளிலும் உண்டு. சாதாரணக் கதையில் இல்லாதது அவள் கேட்கும் கேள்வி: கடவுள் நீதியுள்ளவர் என்றால் தீயவன் ஏன் தண்டனையின்றித் திரிகிறான்? அவளை விரும்பும் எஃப்.பி.ஐ. அதிகாரி விசுவாசி, அவள் விசுவாசி அல்ல. அந்தக் கேள்விக்கு விடை காணாமல் காதல் கைகூடாது.

இந்த நாவல்களுக்கு எழுதப்பட்டும் எழுதப்படாததுமான விதிகள் பல. கெட்ட வார்த்தை கூடாது. படுக்கையறைக் கதவு வாசகருக்குத் திறக்காது. விசுவாசியும் விசுவாசமற்றவரும் ஒரே நுகத்தில் பிணைக்கப்படலாகாது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் கூறும் அறிவுரை இங்கே கதைச் சட்டமாகவே ஆகிவிட்டது. ஆகையால் கதையில் எப்போதும் மூன்று இழைகள் ஓடும். காதல் ஒன்று, ஆபத்து அல்லது வரலாறு ஒன்று, மனமாற்றம் ஒன்று. மூன்றும் ஒரே முடிச்சில் வந்து சேரவேண்டும்.

இதனைச் சிறு சந்தை என்று எண்ணிவிட வேண்டாம். மலிவுக் காதல் கதைகளுக்குப் பேர்போன ஹார்லெகுவின் நிறுவனம் 1997 இல் 'லவ் இன்ஸ்பயர்ட்' என்ற வரிசையைத் தொடங்கியது. 2005 இல் அதன் விறுவிறுப்புக் கிளை வந்தது. மதச்சார்பற்ற பெரும் பதிப்பாளர்களும் இந்த வாசகரைத் தேடி வந்ததென்றால், வாசகரின் தொகையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நமக்கும் இந்த மரபுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1824 இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார்கள். பெண்ணின் வாசிப்பும் பெண்ணின் பக்தியும் கைகோத்துச் செல்லவேண்டும் என்பதே அவர்கள் கொண்டுவந்த எண்ணம். 1914 இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்', ஈழத்துப் பெண் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது. அதுவும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் மணவாழ்வுத் துயரத்தையே பேசுகிறது. தலைப்பே சங்கீதப் புத்தகத்தின் வாசனையோடு வருகிறது.

இனி என் குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

இவை காதல் நாவல்கள் என்று அழைக்கப்பட்டாலும் இவற்றின் உண்மையான பொருள் காதல் அன்று, மன்னிப்பு. தவறிழைத்தவர் மீட்கப்படுவதே கதை. ஆகையால் இவற்றை அளக்கவேண்டிய கோலும் மன்னிப்புத்தான். மன்னிக்கின்ற அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது?

2021 இல் நடந்ததைப் பாருங்கள். கரன் விற்மெயர் எழுதிய 'அற் லவ்ஸ் கொமாண்ட்' என்ற நாவலுக்கு அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் தனது விவியன் விருதை வழங்கியது. ஆன்மிகப் பண்புள்ள சிறந்த காதல் நாவலுக்கான விருது அது. நாவல் தொடங்குவது வூண்டட் நீ என்ற இடத்தில். 1890 டிசெம்பர் 29 ஆம் திகதி, தென் டகோட்டாவில், அமெரிக்கக் குதிரைப்படையினர் லகோட்டா மக்களைக் கொன்று குவித்த இடம் அது. மாண்டோர் 150 முதல் 300 வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் பலர். நாவலின் நாயகன் அந்தப் படையில் இருந்தவன். கண்டதும் செய்ததும் உறுத்த, படையை விட்டு நீங்கி, டெக்சாசில் நலிந்தோரைக் காக்கும் கூலிக் குதிரைவீரனாகிறான். ஒரு பெண் வைத்தியரைச் சந்திக்கிறான். அவளுடைய சகோதரன் கடத்தப்படுகிறான். துரத்தல், துப்பாக்கி, பிரார்த்தனை, திருமணம். வரலாறும் விறுவிறுப்பும் ஒன்றாகவே அமைந்த கதை.

எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களுக்குள் சங்கம் விருதை மீளப்பெற்றது. படுகொலையை ஆசிரியர் புகழவில்லை, நாயகன் மனம் வருந்துகிறான் என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். அது உண்மையே. ஆனால் அவன் எங்கே போய் வருந்துகிறான்? கடவுளிடம் வருந்துகிறான். தோழர்களிடம் வருந்துகிறான். காதலியிடம் வருந்துகிறான். லகோட்டா மக்களிடம் அவன் போகவேயில்லை. நூற்றுக்கணக்கானோரின் மரணம் ஒரு மனிதனின் மனமாற்றத்துக்கு வாசற்படியாகிவிட்டது. வாசற்படியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது முதல் தடவையும் அல்ல. 2014 இல் கேற் பிரெஸ்லின் எழுதிய 'ஃபோர் சச் எ ரைம்', விவிலியத்தின் எஸ்தர் கதையை இரண்டாம் உலகப் போருக்குக் கொண்டுபோனது. நாயகி யூதப் பெண். நாயகனோ தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமின் தளபதி. ஏறத்தாழ 33,000 பேர் மடிந்த முகாம் அது. அங்கிருந்து மரண முகாம்களுக்கு ஏற்றப்பட்டோர் அதனினும் பலர். அந்த நாவல் 2015 இல் அதே சங்கத்தின் ரீட்டா விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோதும் கண்டனம் எழுந்தது. யூத வாசகர்களின் நியாயம் எளிமையானது: எங்கள் இறந்தவர்களின் பெயரால் எங்களைக் கொன்றவனை மன்னிக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

இந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. போர் முடிந்த பின்னரான ஆண்டுகளில் ஒரு நாள், வடக்கின் கரையோரக் கிராமம் ஒன்றில், மாதா கோவில் முற்றத்தில் ஒரு தாயைச் சந்தித்தேன். மகனைக் கையளித்துவிட்டு, அவன் எங்கே என்று கேட்டுத் திரிந்தவர். ஜெபமாலை கையில் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குழு அன்று காலை நல்லிணக்கம் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தது. "மறப்போம், மன்னிப்போம்" என்பது அவர்கள் விட்டுச்சென்ற வாசகம். அதைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மன்னிக்கச் சொல்லித்தான் எங்கட வேதமும் சொல்லுது தம்பி. ஆனால் மன்னிப்புக் கேட்டு ஒருத்தரும் வரேல்லையே. கேளாத மன்னிப்பை நான் ஆரிட்டைக் குடுக்கிறது?" என்றார்.

அன்றைக்கு என் குறிப்பேட்டில் வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

அந்தத் தாயின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால், இந்த வகை நாவல்களிலேயே அதற்கு மதிப்பளித்தவையும் இருப்பது தெரிகிறது. பிரான்சின் ரிவர்சின் மூன்று பாக வரலாற்று நாவல் அத்தகையது. முதற் பாகமான 'எ வொய்ஸ் இன் த விண்ட்' 1993 இல் வெளிவந்தது. கி.பி. 70 இல் எருசலேம் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, ரோமச் செல்வந்தர் வீட்டுக்கு அடிமையாக விற்கப்படும் ஹதாசா என்ற பெண்ணே அதன் நடுநாயகம். அவள் பணிவிடை செய்த எஜமானி ஜூலியாவே கடைசியில் அவளைச் சிங்கங்களுக்கு இரையாக அனுப்புகிறாள். அடுத்த பாகத்தில், உயிர்தப்பி, தழும்பேறிய முகத்தைத் திரையால் மறைத்து வாழும் ஹதாசா, நோயுற்றுக் கைவிடப்பட்ட அதே ஜூலியாவுக்குப் பணிவிடை செய்ய வருகிறாள். சாகும் தறுவாயில் ஜூலியாவுக்குக் கிடைக்கும் மன்னிப்பு, தான் சாவுக்கு அனுப்பிய பெண்ணின் கையிலிருந்தே கிடைக்கிறது. வதைபட்டவள் ஓரத்தில் நிற்கவில்லை. கதையே அவளுடையது. அவள் மன்னிக்காமல் போயிருந்தாலும் அது அவள் உரிமை என்று நமக்குத் தெரிகிறது. அதனால்தான் அந்த மன்னிப்புக்குக் கனம் இருக்கிறது.

ரிவர்சின் மிகப் புகழ்பெற்ற நாவலான 'ரிடீமிங் லவ்' பற்றி எனக்கு இந்த அளவு நிறைவில்லை. 1991 இல் வந்து, 2022 இல் திரைப்படமும் ஆன கதை அது. ஓசியா தீர்க்கதரிசியின் வரலாற்றை 1850 ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக்கு நகர்த்தியது. சிறுவயதிலேயே விற்கப்பட்ட ஒரு பெண்ணை, அவள் எத்தனை தடவை ஓடினாலும் காத்திருந்து ஏற்றுக்கொள்கிறான் ஒரு விவசாயி. ஆனால் அடியுண்டு அரைமயக்கத்தில் கிடக்கும் வேளையில் அவளுடைய சம்மதத்தைப் பெற்றுத் திருமணம் முடிக்கிறான். அதை அன்பு என்று நான் ஏற்கமாட்டேன். அவளுக்கு இழைக்கப்பட்டதற்காக அவளே மன்னிக்கப்பட வேண்டியவளாக நிற்பதும் எனக்கு உவப்பில்லை. இருந்தும் அந்த நாவலைத் தலையணையின் கீழ் வைத்திருக்கும் பெண்கள் பலர் என்பதையும் அறிவேன். தன் கடந்த காலம் ஒருவருக்குத் தெரிந்த பின்னரும் அவர் போகாமல் இருப்பார் என்ற நம்பிக்கை அவர்களுக்குத் தேவையாக இருக்கிறது. அந்தத் தேவையை நான் பரிகசிக்கமாட்டேன்.

நான் கேட்பது கிறிஸ்தவத்துக்குப் புறம்பானதும் அல்ல. பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் உன்மேல் குறையுள்ள சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கத்தின் போதனை. ஆயக்காரன் சகேயு மனம் திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மனமாற்றத்துக்கு அங்கே ஒரு விலை இருந்தது. அதைப் பெற்றுக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். மனந்திரும்பிய தளபதிகளையும் குதிரைவீரர்களையும் நாயகர்களாக்கும் எழுத்தாளர்கள், தங்கள் வேதப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தாலே போதும்.

மருதானையில் வாங்கிய கட்டில் இரண்டு புத்தகங்கள் இன்னும் வாசிக்காமல் இருக்கின்றன. ஒன்றின் அட்டையில் இராணுவ உடை அணிந்த ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நிற்கிறான். அவன் ஏதோ பிழை செய்திருக்கிறான் என்பதும், கடைசிப் பக்கத்தில் அவனுக்குத் திருமணம் நடக்கும் என்பதும் எனக்கு இப்போதே தெரியும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவன் யாருக்குப் பிழை செய்தான், அவர்களின் வாசலுக்கு ஒரு தடவையேனும் போனானா என்பதைத்தான் நான் தேடி வாசிக்கப்போகிறேன்.