கடல் கடந்த காமாட்சி

தருமபுரிக் கோட்டைக் கோயிலில் கல்யாண காமாட்சியை வணங்கிவரும் பெரியோர் பலருக்கும் ஒரு கவலை உண்டு. ஐரோப்பிய நகரங்களில் குடியேறிய பிள்ளைகளுக்கு அம்பிகையின் துணை கிட்டுமா என்பதே அது.

ஜெர்மனியின் ஹாம் நகரம் அதற்கு விடை கூறுகிறது. இலங்கைப் போரினால் புலம்பெயர்ந்த தமிழர்கள், கடுங்குளிருக்கும் புரியாத மொழிக்கும் நடுவே வாழ்ந்த காலம் அது. 1989-இல் அந்நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் காமாட்சி அம்பாளுக்கு வழிபாடு தொடங்கிற்று. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2002 ஜூலை 7 அன்று, 17 மீட்டர் உயர இராஜகோபுரத்துடன் எழுந்த ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆண்டுதோறும் அன்னை தேரில் வீதியுலா வருகிறாள். ஜெர்மானியரும் திரண்டு காண்கின்றனர். கப்பல் செல்லும் கால்வாயே தீர்த்தவாரிக்குரிய தீர்த்தம். தீர்த்தமலையில் நீராடியவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அன்னையின் திருமேனி பட்ட நீரெல்லாம் தீர்த்தமே அன்றோ!

நிலவறையில் விளக்கேற்றியவர்கள், அந்த வழிபாட்டை இளமையில் தம் பெற்றோரிடம் கற்றவர்கள். விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தையின் கைபிடித்து அம்மன் சந்நிதிப் படிகளை ஒருமுறை ஏறுங்கள். எந்நாட்டில் வாழ்ந்தாலும் அப்பழக்கமே வழித்துணையாகும்.