பாலைக்கும் ஓர் இடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், ஆலை மதிலோரம் அதிகம் கண்ணில் படுவது அழகுக்கு நட்ட அயல்நாட்டு மரங்கள்தான். சுற்றுச்சூழல் அனுமதிக்காகக் குறிப்பிட்ட அளவு பசுமைப் பரப்பு காட்ட வேண்டும். சீக்கிரம் தழைப்பது எதுவோ அதை நட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இந்த மண்ணுக்கே உரிய பாலை மரத்தை யாரும் நினைப்பதில்லை. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் முதன்மையான மரம் அது. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவில் இன்றும் நிற்கிறது. வேப்பம்பழ அளவில் மஞ்சளாகப் பழுக்கும். நல்ல தித்திப்பு, நாலு தின்றால் பால் பட்டு உதடு பிசுபிசுக்கும். ஈழத்தில் வன்னிக் காட்டுப் பாலைப்பழத்துக்கு அத்தனை மவுசு. நாம் விரும்பித் தின்னும் சப்போட்டா மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. அதை ஒட்டுக்கட்டுவதோ பாலைக் கன்றின் மேல். வறட்சிக்கு அசராத வேர் அது. ஆக, கன்று கிடைக்காது என்று சொல்ல வழியில்லை. பசுமைப் பரப்பில் பாதியாவது உள்ளூர் மரம் என்று அனுமதி நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். பாலை மெதுவாக வளரும் என்பார்கள். மனையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவர்கள் சொல்லக்கூடிய சாக்கா அது?