சவலைப் பிள்ளை

ஸ்கூல் சயின்ஸ் புத்தகத்துல 'குவாஷியார்கர், மராஸ்மஸ்' ரெண்டும் ஜோடியா வரும், ஞாபகம் இருக்கா? ஒரு மார்க் கேள்வி. பக்கத்துல வயிறு உப்பின ஒரு ஆப்பிரிக்கக் குழந்தை படம். பேரை மனப்பாடம் பண்ணோம், எழுதினோம், மறந்துட்டோம்.

அந்தப் பேர் லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. கானா நாட்டுல பேசுற 'கா' மொழிச் சொல். 1930-கள்ல அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ்ங்கிற டாக்டரம்மா, ஊர் அம்மாக்கள் சொன்ன வார்த்தையையே நோய்க்குப் பேரா எழுதினாங்க. அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததுக்கு வர்ற நோய்ங்கிறதுதான் அதோட அர்த்தம். தாய்ப்பால் நின்னுடும், அதுக்கப்புறம் வெறும் மக்காச்சோளக் கஞ்சிதான்.

இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம பாட்டிங்க சொல்ற 'சவலை'. அம்மா மறுபடி உண்டானதால பால் கிடைக்காம மெலிஞ்சு, நை நைன்னு அழுதுட்டே இருக்குற பிள்ளைதான் சவலைப் பிள்ளை. கானாவுக்கும் நமக்கும் கடல் தாண்டி தூரம், ஆனா ரெண்டு ஊர் அம்மாக்களும் ஒரே விஷயத்துக்குத் தனியா ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. அப்படின்னா இது 'ஆப்பிரிக்கா பிரச்னை'ன்னு ரீல்ஸ் பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ற விஷயம் இல்லை.

அங்கே நிலைமை பயங்கரம்தான், மறுக்கல. 2011 சோமாலியா பஞ்சத்துல செத்தவங்க சுமார் 2,60,000 பேர். அதுல பாதிப் பேர் 5 வயசு ஆகாத குழந்தைங்க. போர், வறட்சி, உதவியைத் தடுத்த ஆயுதக் கும்பல்னு காரணம் நிறைய. நமக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. ரேஷன்ல அரிசி இலவசம். 1982-ல எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இருக்கு. 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் இருக்கு. திருத்தணி மலைக்குப் போனா அன்னதானம் வேற. இவ்வளவு இருந்தும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்கள்ல 25 சதவீதம் பேர் வயசுக்கு ஏத்த உயரம் இல்லை. 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய சராசரி உயரக் குறைவு 35.5, நாம பரவாயில்லைன்னு மார்தட்டலாம். நாலுல ஒண்ணு எனக்குப் பரவாயில்லைன்னு தோணல.

நம்ம பெருமை எல்லாம் ஸ்கூல் வாசல்ல ஆரம்பிக்குது. உயரம் குறையுறது அதுக்கு முன்னாடி, கருவுல இருந்து ரெண்டு வயசுக்குள்ளேயே பெரும்பாலும் முடிஞ்சு போகுது. ஒண்ணாம் கிளாஸ்ல போடுற உப்புமா நல்ல விஷயம்தான், ஆனா அது லேட்.

அந்த வயசுக்கு அங்கன்வாடி இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆறு மாசத்துல இருந்து சத்துமாவு பாக்கெட் தர்றாங்க. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல இதுக்கு வெளியே விழுற கூட்டம் செங்கல் சூளைக் குழந்தைங்க. பலாங்கீர், நுவாபடான்னு மேற்கு ஒடிசாவுல இருந்து அட்வான்ஸ் வாங்கிட்டுக் குடும்பத்தோட வர்றவங்க, கூடவே நம்ம இருளர் குடும்பங்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கணக்கு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க அம்மா உட்கார்ற ஒவ்வொரு கால் மணி நேரமும் கல் எண்ணிக்கையில குறையும். அட்வான்ஸ் கழியாது. பால் சீக்கிரம் நிக்கிறதுக்கு இங்கே அடுத்த குழந்தை பிறக்கணும்னு அவசியமே இல்லை.

2020 அக்டோபர்ல இருந்து வெளிமாநில ரேஷன் கார்டுக்கும் இங்கே அரிசி வாங்கலாம். வாங்கினாலும் அது அரிசிதான், ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வெறும் சோறு பத்தாது. அங்கன்வாடிக்குப் 'போஷன் டிராக்கர்' ஆப் இருக்கு. இடம் மாறுற குடும்பத்தை அதுல மாத்திப் பதியலாம். ஆனா யாராவது சூளைக்குள்ள போய்க் கேட்டாத்தானே பதிய முடியும்? திருத்தணிப் பக்கம் தெலுங்கு பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை, ஒடியாவுக்கு எங்கே போறது?

நாம இன்ஜினியரிங் பசங்க, உடனே ஆப் பண்ணலாம்னு கிளம்புவோம். வேண்டாம் பாஸ். இதுல பெரிய கண்டுபிடிப்பு ஒரு காகித டேப். 6 மாசம் முதல் 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தையோட மேல்கை நடுவுல சுத்தணும். 12.5 செ.மீ.க்கு மேல பச்சை, 11.5-க்கும் 12.5-க்கும் நடுவுல மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்புன்னா உயிருக்கே ஆபத்து. பை-ஆல வகுத்துப் பாருங்க, அந்தக் கையோட விட்டம் 3.7 செ.மீ. கூட வராது. எழுத்து தெரியாதவங்களும் கலரைப் பார்த்துச் சொல்லிடலாம்.

நைஜர்ல 2005-ல 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைங்களுக்கு டாக்டர்கள் கொடுத்த பேஸ்ட்ல என்ன இருந்துச்சு தெரியுமா? வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், கூட விட்டமினும் தாதுவும். 92 கிராம் பாக்கெட்ல 500 கலோரி. தண்ணி கலக்க வேண்டாம், அதனால கிருமி பயம் குறைவு. சிக்கல் இல்லாத குழந்தையை வீட்டுலேயே வச்சுத் தேத்தலாம். அதை நாம கலந்து கொடுக்கணும்னு சொல்ல வரல, சிவப்புக் கலர் வந்த குழந்தைக்கு டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா கடலை விளையுற மண்ணுல உட்கார்ந்துட்டு இந்த நோயைத் தூரத்து நோய்னு நினைக்கிறது எனக்கு ஒட்டல.

நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப் வருஷா வருஷம் கோயில் குளம் சுத்தம் பண்றதுலேயும் மரம் நட்டு செல்ஃபி எடுக்கறதுலேயும் போகுது. இந்த வாட்டி ஒரு ரெண்டு நாள் மட்டும் அங்கன்வாடி அக்காவையும் கிராம செவிலியரையும் கூட்டிட்டு சூளைக்குப் போவோம். டேப் சுத்துவோம், பேர் பதிவோம், மஞ்சளும் சிவப்பும் வந்த குழந்தைங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துல கொண்டு போய் விடுவோம். ஒடியா தெரிஞ்ச ஒருத்தர் ஹாஸ்டல் பக்கமே கிடைக்கலாம், மெஸ்ல வேலை பார்க்குற அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க.

தேதி மட்டும் முக்கியம். பொங்கல் லீவ் முடிஞ்ச உடனே வைக்கணும். செமஸ்டர் முடியட்டும்னு ஆடிக்குத் தள்ளினா, கிருத்திகைக் காவடியில மலை நிறைஞ்சிருக்கும், சூளையில ஒரு குடிசை கூட மிஞ்சியிருக்காது.