மீட்சிப் படலம்

கந்தசட்டியின் ஆறாம் நாள் மாலையிலே நம் தீவகத்து முருகன் ஆலய வீதிகளில் நிற்க இடங்கிடைப்பதரிது. தலை மாறி மாறி வரும் சூரன் ஈற்றில் மாமரமாய் நின்று வேலுக்கு இலக்காகிய மாத்திரத்தே கூட்டம் கலையத் தொடங்கும். மறுநாள் திருக்கல்யாணத்துக்கு வருவோர் தொகை அதனிற் குறைவே. புராண படனத்திலும் இந்நிலையே காண்கின்றோம். யுத்த காண்டத்துக்குச் செவிசாய்ப்போர் பலர்; தேவகாண்டமும் தட்சகாண்டமும் படிக்கப்படும்போது, படிப்பவரும் பயன் சொல்பவருமே மண்டபத்தில் எஞ்சுதலும் உண்டு.

போரோடு கதை முடிந்தது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணம் நம் பெருங்காவியங்களின் கருத்துக்கு மாறானது. போர் முடிந்தபின் காவியம் தீர்க்கவேண்டிய கடன்கள் மூன்று உள. இறந்தாருக்குச் செய்யுங் கடன் ஒன்று. பெயர்ந்தாரை வீடு சேர்க்குங் கடன் மற்றொன்று. பகை நீங்கி வாழ்வைத் தொடங்குங் கடன் பிறிதொன்று. இவை தீர்ந்த இடமே முடிவு. அதற்கு முன் நிறுத்துதல் குறை. அதற்குப் பின்னும் இழுத்தல் மிகை.

கச்சியப்ப சிவாசாரியரைப் பாருங்கள். சூரபன்மனின் மைந்தருள் இரணியன் என்பான், தந்தைக்கு இறுதிக்கடன் ஆற்ற ஒருவனாவது எஞ்சல் வேண்டுமெனக் கருதி, மீனுருக் கொண்டு கடலில் மறைகின்றான். போர் உச்சத்தை நெருங்கும் வேளையிலேயே, பின்வரும் நீர்க்கடனைப் புலவர் எண்ணிவிட்டார். அதுவும் பகைவன் மகனுக்காக! சூரபன்மனோ அழிந்தொழிந்தானல்லன்; மயிலும் சேவலுமாகி, ஊர்தியாகவும் கொடியாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டான். பின்னர்ச் சிறைப்பட்ட சயந்தனும் தேவரும் விடுதலை பெறுகின்றனர். மீட்சிப் படலம் என்பது அங்கே வருவது. நூலோ அதன்பின்னும் தொடர்ந்து, வள்ளியம்மை திருமணத்திலேயே நிறைவெய்துகின்றது.

கம்பநாடரும் தம் யுத்த காண்டத்தில் ஒரு மீட்சிப் படலம் வைத்தார். இராவணன் வீழ்ந்தபின் மண்டோதரி புலம்பி அவன் மேல் விழுந்து உயிர்விடுகின்றாள். வீடணன் தமையனுக்கு இறுதிக்கடன் செய்கின்றான். அயோத்தியின் புறத்தே நாட்களை எண்ணிக்கொண்டிருந்த பரதன், அண்ணன் வாராமை கண்டு தீப்புக முனைகின்றான். அனுமன் விரைந்து வந்து தடுக்கின்றான். வெற்றி பெற்றவன் வீடு திரும்பத் தாமதித்தால், வீட்டிலே இன்னோர் உயிர் போய்விடும் என்பதை இதனினும் கூர்மையாகச் சொல்லல் இயலுமோ? அதன்மேல் திருமுடி சூட்டு. இறுதியில் விடைகொடுத்த படலம். துணைநின்றவர்க்கெல்லாம் வரிசை செய்து அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்ததும், கவிஞர் தாமும் விடைபெறுகின்றார்.

குறைத்தலும் மிகுத்தலும் எவ்வாறு கொள்ளப்பட்டன என்பதற்கும் நம் இலக்கிய வரலாறே சான்று பகரும். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவங்களில், பதினெட்டாம் நாட் போரோடு முடித்தார். வியாச பாரதத்திலோ பதினோராவது பருவமே மகளிர் களத்திற் புலம்பும் ஸ்திரீ பருவம். பன்னிரண்டாவது, அம்புப் படுக்கையிலிருந்து வீட்டுமன் அறம் உரைக்குஞ் சாந்தி பருவம். வில்லியார் பாடாது விட்ட கதையையும் சேர்த்துப் பாட, பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை முன்வரவேண்டியதாயிற்று. மறுபுறத்தே, கம்பர் முடித்த கதைக்கு மேல் உத்தரகாண்டம் வந்தது. அதை ஒட்டக்கூத்தர் பெயரால் வேறாகவே வைத்தது தமிழ் மரபு. நிறைந்த கலத்தில் மேலும் வார்த்தலை நம் முன்னோர் விரும்பினாரல்லர் எனக் கொள்ளலாம்.

மேனாட்டாரும் இதனை உணர்ந்துள்ளனர். 1916 இல் சொம் போர்க்களத்தை நேரிற் கண்டவர் டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர். அவர் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘த லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் நெடுங்கதையில், தீய மோதிரம் எரிமலையில் அழிந்தபின்னும் பல அதிகாரங்கள் உள. வீடு திரும்பும் வீரர் தம் ஊரே சீர்குலைந்திருக்கக் காண்கின்றனர். அதனை மீட்டு, மரங்களை மீண்டும் நடுகின்றனர். கதைத் தலைவனின் காயமோ ஆறவில்லை. அவன் கப்பலேறிப் போய்விடுகின்றான். 2003 இல் வந்த திரைப்படம் ஊர் மீட்புப் பகுதியை விட்டுவிட்டது. திரைக்கும் சூரன் போர் முடிந்ததே போதுமாயிற்றுப் போலும்!

உச்சத்திலே நிறுத்தினாலன்றோ சுவை கெடாது என்பார் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மையே. போருக்குப் பின் வேறொரு போரைத் தேடி ஓடுவது சுவையைக் கெடுக்கும். ஆயின் அழுகையும் திரும்புதலும் விடைபெறுதலும் புதுக்கதைகள் அல்ல. போர் எதற்காக நிகழ்ந்ததென்பதற்கு அவையே விடை. வென்றவன் பெயரை மட்டும் கேட்டுச் செல்பவன் விடையைக் கேளாமலே செல்கின்றான்.

இது நமக்கு ஏட்டுச் செய்தியன்று. 1990 தொடக்கம் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து பெருந்தொகையினர் பெயர்ந்தனர். போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. கூரையற்ற வீடுகளும் உவர்ந்த கிணறுகளும் இன்றும் நம்மிடையே உள்ளன. இறந்தாரென்று கொள்ளவும் இயலாது, வருவாரென்று நம்பவும் இயலாது காத்திருக்கும் தாய்மாரும் உளர். நம் யுத்த காண்டம் முடிந்தது. மீட்சிப் படலம் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

ஆகவே ஆலய பரிபாலகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள், புராண படனத்தை வள்ளியம்மை திருமணம் வரை குறையாது நடத்துக என்பதே. ஆசிரியர்கள், போர்ப் பாடல்களைக் கற்பிக்கும் அளவுக்கு மண்டோதரியின் புலம்பலையும் விடைகொடுத்த படலத்தையும் கற்பித்தல் வேண்டும். நெடுங்கதை எழுத முனையும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவோம்: கடைசி வாள் உறையில் இட்டபின், தந்தைக்கு நீர்க்கடன் செய்யக் கடலிலே ஒளிந்திருப்பவன் யார் என்று தேடுங்கள். அவன் கரையேறும் வரை நூலை மூடவேண்டாம்.