தி.நகர் ஒரு ஏரி

மழை பெஞ்சா தி.நகர்ல ஏன் தண்ணி நிக்குது? யாரைக் கேட்டாலும் "கார்ப்பரேஷன் சரியில்ல"ன்னு சொல்லுவாங்க. அது பாதி பதில்தான். மீதி தெருப் பலகையிலேயே இருக்கு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. அந்த ஏரி எங்கேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?

நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கம் நீளமா கிடந்த அந்த நீர்நிலைக்கு 'லாங் டேங்க்'னு பேரு. 1920களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துதான் தி.நகருக்கு மனை போட்டாங்க. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்துலதான் நிக்குது. அங்கிருந்து தி.நகர் வழியா ஓடுற மாம்பலம் கால்வாய் நந்தனத்துல அடையாற்றில் சேருது. ஒரு ஆற்றுக்கு எந்தெந்த நிலத்துல விழுற மழை சரிவு வழியா வந்து சேருதோ, அது எல்லாம் அந்த ஆற்றோட நீர்ப்பிடிப்புப் பகுதி. அப்படிப் பார்த்தா, நீங்க துணி வாங்கப் போற கடைத்தெருவும் அடையாற்றின் நீர்ப்பிடிப்புதான்.

இதை ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரல. 'வாட்டர்ஷெட்'னா என் பாடப்புத்தகத்துல ஒரு பனிமலை, அதிலிருந்து ஒரு ஓடை. வரைஞ்சு காட்டினா மார்க் கிடைக்கும். நம்ம ஊர்ல பனிமலை கிடையாது, ஏரிச் சங்கிலி உண்டு. ஒரு ஏரி நிறைஞ்சா உபரித் தண்ணி கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும். வரத்துக்கால், மதகு, கலங்கல்னு ஒவ்வொன்னுக்கும் தமிழ்ல பேரு இருக்கு. சென்னையில வளர்ற பிள்ளைக்கு இதுதானே முதல் பாடமா இருக்கணும்?

"டிரெயினைப் பெருசாப் போட்டா முடிஞ்சது"ன்னு சிவில் நண்பர்கள் சொல்லலாம். 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்தாங்க, அடையாற்றங்கரை மூழ்கிச்சு. 2019 கோடையில அதே செம்பரம்பாக்கம் வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல நாலே வருஷம். மழையைச் சீக்கிரமாக் கடலுக்கு அனுப்புறதை மட்டும் வேலையா வச்சுக்கிட்டா, கோடைக்கு எதைக் குடிக்கிறது?

அடையாறு பூங்காவுக்குப் பள்ளி மாணவர்களைக் கூட்டிட்டுப் போறாங்களேன்னு கேட்பீங்க. நல்ல விஷயம்தான். கழிமுகத்துல குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீரமைச்சு 2011இல் திறந்த இடம் அது. பறவைகள் திரும்பி வந்ததைப் பிள்ளைங்க பார்க்கணும். ஆனா நீர்நிலைன்னா வேலிக்குள்ள, பஸ் ஏறிப் போய்ப் பார்க்குற ஒன்னுன்னு அவங்க நினைச்சுடக் கூடாது. தன் வீட்டு மொட்டைமாடித் தண்ணி எங்கே போகுதுன்னும் தெரிஞ்சிருக்கணும்.

அதுக்குப் பெரிய செலவு வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்குற டியூப் ஒன்னு போதும். அதுல தண்ணி ஊத்தி, தெருவோட எந்த முனை தாழ்வுன்னு எட்டாவது படிக்கிற பிள்ளையே அளந்துடும். மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு 2003லேயே அரசு ஆணை வந்துடுச்சு. அவங்க அபார்ட்மென்ட்ல குழி இருக்கா, மண் அடைச்சுக் கிடக்கான்னு பார்த்து எழுதச் சொல்லலாம். ஒரு சனிக்கிழமை வள்ளுவர் கோட்டத்திலிருந்து நந்தனம் வரைக்கும், கால்வாய் போற பாதையை ஒட்டி நடக்க வைக்கலாம்.

கூட்டிட்டுப் போக ஆள் வேணுமே? நாம இருக்கோம். என்எஸ்எஸ் மணிக்கணக்குக்காக வருஷா வருஷம் அதே சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம். இந்த செமஸ்டர் பக்கத்துல ஒரு மாநகராட்சிப் பள்ளியில பேசி, ஒரே ஒரு வகுப்போட தொடங்குவோம். அடுத்த வருஷம் நம்மள்ல சிலர் லேஅவுட் வரையற வேலையில உட்காருவோம். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அதுக்குள்ள நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.