தேயாமலே தேய்ந்த கேமரா



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் நம் சபைத் தம்பி ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு கேமராவின் படத்தைக் காட்டினார். "ஐயா, இது லிமிடெட் எடிஷன். உலகத்துலயே 125 தான் செஞ்சாங்க. ஒண்ணு இப்ப மறுவிற்பனைக்கு வந்திருக்கு. தவணையில வாங்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். ஆலய வாசற்படியில் நின்றபடி பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. ஆகவே, அவருடைய சம்மதத்தோடு, உங்கள் எல்லாருக்கும் முன்பாக இங்கே பதில் எழுதுகிறேன்.

அந்தக் கேமரா ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'கரஸ்பாண்டென்ட்'. செய்தியாளர் என்று பொருள். அமெரிக்க இசைக் கலைஞர் லென்னி கிராவிட்ஸ் அதை வடிவமைத்தார். விலை 20,000 டாலருக்கும் மேல். அதன் சிறப்பு என்னவென்று கேளுங்கள். செய்தியாளர் ஒருவர் பல்லாண்டு தோளில் சுமந்து திரிந்த கேமராவில், கறுப்புப் பூச்சு விளிம்புகளில் தேய்ந்து உள்ளிருக்கும் பித்தளை வெளியே தெரியும். அந்தத் தேய்மானத்தை, ஒரு செய்தியையும் கண்டிராத புத்தம்புதிய கேமராவின்மேல் கையால் தேய்த்து உண்டாக்கி விற்றார்கள்.

தம்பி இதை எனக்கு விளக்கியபோது அவருடைய தாயார் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நம் வரதராஜன்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த எத்தனையோ தாய்மாரில் அவரும் ஒருவர். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலை எரிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாம்பலைப் பூசிக்கொண்டாலும் விரல்கள் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பைக் காசு கொடுத்து யாரும் பூசிக்கொள்வதில்லை. தேய்மானம் உழைப்பு இடுகிற கையொப்பம். உழைக்காத பொருளின்மேல் அந்தக் கையொப்பத்தை இடுவதற்குப் பெயர் அழகியல் அன்று, போலிக் கையொப்பம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அப்படிச் செய்தால் வழக்குப் போடுவார்கள்.

இது ஒரு நிறுவனத்தின் தடுமாற்றம் மட்டும் என்று எண்ண வேண்டாம். சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட் நிறுவனத்தின் கதையையும் கேளுங்கள். 1962-இல் வால்டர் ஷிரா என்ற அமெரிக்க விண்வெளி வீரர் ஹூஸ்டன் நகரக் கடையொன்றில் ஒரு ஹாசல்பிளாட் கேமராவை வாங்கினார். விண்வெளிக்கு எடுத்துச் செல்வதற்காக அதன் தோலுறையை உரித்தெடுத்தார்கள். ஒளி பட்டு மின்னாதிருக்க உடலுக்கு மங்கலான கறுப்பு வண்ணம் பூசினார்கள். பின்னர் 1969-இல் அந்நிறுவனத்தின் கேமராக்கள் நிலாவுக்கே சென்றன. வீரர்கள் திரும்பும்போது, எடையைக் குறைக்கும்படி நிலவில் பயன்படுத்திய கேமராவை அங்கேயே விட்டுவிட்டுப் படச்சுருளை மட்டும் கொண்டுவந்தார்கள். கண்டதைக் காப்பாற்றினார்கள், காணும் கருவியைக் கைவிட்டார்கள்.

அதே நிறுவனம் 2012-இல் 'லூனார்' என்று நிலாவின் பெயரைச் சூட்டி ஒரு கேமராவை அறிவித்தது. உள்ளே இருந்தது, அப்போது ஏறத்தாழ 1,200 டாலருக்குக் கடைகளில் கிடைத்த சோனி நெக்ஸ்-7. வெளியே மரக் கைப்பிடி, தோல், டைட்டானியம் என்று அலங்காரம். கேட்ட விலை சுமார் 5,000 யூரோ. விண்வெளிக்குப் போன கேமராவிலிருந்து உரித்தெறிந்த தோலை, எங்கும் போகாத கேமராவுக்குப் போர்த்தினார்கள். புடைத்த கைப்பிடியும் பொருந்தாத வளைவுகளுமாக இருந்த அதைப் புகைப்படக் கலைஞர்களே கேலி செய்தார்கள். சில ஆண்டுகளில் நிறுவனம் அந்த வழியைக் கைவிட்டு, 2016-இல் தன் சொந்த வடிவமைப்பில் வேறொரு கேமராவைக் கொண்டுவந்தது.

நம் மண்ணிலேயே இதற்கு நேர்மாறான ஒரு சாட்சி உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன், தம் லைக்காவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடிவைப்பவர். கேமரா கண்ணில் பட்டால் மனிதர் இயல்பு மாறிவிடுவர் என்பது அவர் அறிந்த உண்மை. அவர் 1948 ஜனவரியில் காந்தியடிகளைப் படமெடுத்தார். சில நாட்களில் அவருடைய இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தார். 1950 ஏப்ரலில் நமக்கு அருகேயுள்ள திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் பதிவு செய்தார். அந்தப் படங்களை உலகம் இன்றும் பார்க்கிறது. அவற்றை எடுத்த கேமரா எப்படி இருந்தது என்று அங்கே நின்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்கக் கூடாது என்றுதானே அவர் அதை மறைத்தார்!

இங்கேதான் என் குற்றச்சாட்டு இருக்கிறது. கேமரா, பிறரைப் பார்ப்பதற்காக உண்டாக்கப்பட்ட கருவி. இந்த ஆடம்பரப் பதிப்புகள் அதைப் பிறர் நம்மைப் பார்ப்பதற்கான அணிகலனாக மாற்றிவிடுகின்றன. பயன் செத்த இடத்தில் அலங்காரம் முளைக்கிறது. இது புதிய நோயும் அன்று. 1929-இலேயே லைக்கா தங்க முலாம் பூசிப் பல்லித்தோல் போர்த்திய பதிப்பொன்றை விற்றது. அதற்கும் வெகுகாலம் முன்பு சாலொமோன் ராஜா பொன்னால் கேடகங்கள் செய்து அரண்மனையில் வைத்தார். பொன் மிருதுவானது, வாளைத் தாங்காது. அவருடைய மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் வருஷத்தில் எகிப்தின் சீஷாக் வந்தபோது, அந்தக் கேடகங்கள் எருசலேமைக் காக்கவில்லை. கொள்ளைப் பொருளாய்ப் போயின. அதன்பின் வெண்கலத்தில் செய்துகொண்டார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் கேடகம் கேடகமாக இருந்திருக்கும்.

"ஐயா, இது முதலீடு" என்று தம்பி சொன்னார். சில பதிப்புகளின் விலை ஏறுவது உண்மைதான். ஆனால் அந்த மதிப்பு ஏறுவதற்கான நிபந்தனையை யோசித்துப் பாருங்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது. விரல்ரேகை படக் கூடாது. மழையில் கொண்டுபோகக் கூடாது. உழைத்துத் தேய்ந்தது போன்ற தோற்றத்துக்குப் பெருவிலை கொடுத்து, பின்பு அதை உழைக்கவே விடாமல் பூட்டிவைக்க வேண்டும்! தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியக்காரன்கூடத் தவணை கட்டிப் புதைக்கவில்லை.

வேதம் அறிந்தவர்கள் என்னை வேறொரு கேள்வியால் மடக்கலாம். பெத்தானியாவில் ஒரு பெண் முந்நூறு பணம் பெறக்கூடிய தைலத்தை, ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஆண்டுச் சம்பளத்தை, ஒரே வேளையில் ஊற்றியபோது இயேசு அவளைக் கண்டித்தாரா? இல்லை, கண்டித்தவர்களைத்தான் அடக்கினார். ஆகவே விலையுயர்ந்தது யாவும் பாவம் என்று நான் போதிக்கவில்லை. நல்ல கண்ணாடி வில்லைக்கும் நுட்பமான வேலைப்பாட்டுக்கும் உரிய விலையைக் கொடுப்பது தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அந்தப் பெண் பரணியை உடைத்தாள் என்பதை மறக்காதிருங்கள். உடைத்ததனால் வீடு மணத்தது. லிமிடெட் எடிஷன் வாங்குகிறவரோ பரணியை உடைப்பதில்லை. பரணிக்கு வரிசை எண் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013-இல் ஒரே ஒரு லைக்காவைத் தனி வடிவில் செய்து நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். அது 18 லட்சம் டாலருக்குப் போயிற்று; எய்ட்ஸ் நோய்க்கு எதிரான பணிக்காகவே அந்த ஏலம் நடந்தது. நல்லதுதான், மறுக்கமாட்டேன். ஆயினும் கொடுப்பதற்குக்கூட வேறு எவரிடமும் இல்லாத பொருளொன்றைக் கையில் தர வேண்டியிருந்ததே என்பது என் துக்கம். 'எனக்கு இருக்கிறது' என்பதில் நமக்கு நிறைவு இல்லை. 'உனக்கு இல்லை' என்பதும் சேர்ந்தால்தான் இனிக்கிறது. 125 என்ற எண் விற்பது கேமராவை அன்று. 126-ஆம் மனிதனின் ஏமாற்றத்தை.

கேமராவே வாங்காத நீங்கள் தப்பித்துக்கொண்டதாக எண்ண வேண்டாம். கடன் வாங்கி, மரப்பெட்டியில் வெல்வெட் விரித்து வருகிற திருமண ஆல்பம் நம் தெருவில் எத்தனை அலமாரிகளில் தூங்குகிறது? அதைத் திறந்து பார்த்தது எத்தனை முறை? கடன் அடைவதற்குள் மணமக்களே மறந்துபோன பெட்டி அது. வெளிநாட்டு ஆடம்பரத்துக்கும் நம்முடையதற்கும் விலையில்தான் வேற்றுமை, புத்தி ஒன்றே.

தம்பி, உமக்கு என் பதில் இது. அதை வாங்க வேண்டாம். வீட்டுக் கடன் இருக்கையில் தவணையில் வாங்கவே வேண்டாம். புகைப்படக் கலையை நேசிப்பீரானால், பிறர் நன்றாகப் பயன்படுத்திய சாதாரணக் கேமரா ஒன்றை உம் சக்திக்கேற்ற விலையில் வாங்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முந்திரித் தோப்புகளுக்குள் போம். வியர்வையும் புழுதியும் படட்டும். பத்து ஆண்டுகளில் அதன் விளிம்புகள் தாமாகவே தேயும்.

அதுவரை கையிலுள்ள கைப்பேசியே போதும். விடுமுறை முடிந்து விமானம் ஏறுவதற்கு முன், உம் தாயாரின் கைகளை ஒரு படம் எடும். சன்னலோரத்தில், காலை வெளிச்சத்தில், அவர் கொட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது எடும். அடுத்த ஞாயிறு அந்தப் படத்தை என்னிடம் காட்டும். வாசற்படியில் நின்று நாம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் நலம் நாடும் ஊழியன்.